என் பேத்தியைச் சுமக்கும் பையை யார் தைத்தது

மந்தாரக்குப்பம் ரோட்டில் பத்துக்குப் பதினெட்டு அடியில் ஒரு சீட் கவர் கடை. அதன் பின்னால் ஷெட். ஷெட்டில் நாலு தையல் மிஷின், மூன்றுக்கு மோட்டார் வைத்தாயிற்று, ஒன்றை மட்டும் நான் மிதித்துப் பழகியது என்று அப்படியே வைத்திருக்கிறேன். ஷெட்டுக்குப் பின்னால் மாடி வைத்த வீடு, அதன் அஸ்திவாரத்துக்கு வெட்டின மண்ணில் பாதி என் கையால் வெட்டினது. மகனை டிப்ளமோ படிக்க வைத்தேன், நெய்வேலி மைன்ஸில் பர்மனென்ட் ஆனான். மகளை நெல்லிக்குப்பத்தில் சர்க்கரை ஆலையில் வேலை பார்க்கும் நல்ல பையனுக்குக் கட்டிக் கொடுத்தேன். இந்த டவுன்ஷிப்பில் ஓடுகிற ஷேர் ஆட்டோக்களில் பாதி என் தையல் மேல் ஜனங்களை உட்கார வைத்துக்கொண்டுதான் ஓடுகிறது. பண்ருட்டியிலிருந்து முந்திரி ஏற்றிப் போகிற வண்டிக்காரர்கள் தார்ப்பாய் கிழிந்தால் என்னைத் தேடி வருகிறார்கள். இவ்வளவையும் செய்தவன் நாலாம் வகுப்பைத் தாண்டாதவன். குள்ளஞ்சாவடிக்குப் பக்கத்தில், பரம்பரையாக அடுத்தவன் நிலத்தில் நாற்று நட்ட குடும்பம். பெயருக்குக்கூட ஒரு சாண் மண் கிடையாது.

யாரும் எனக்குக் கை கொடுக்கவில்லை. கை கொடுக்கும் இடத்தில் இருந்த ஒருவர், நீட்டின என் கையைத் தட்டிவிட்டார். அவர்தான் இன்றைக்கு என் சம்பந்தி.

நான் கட்டினவற்றில் கடைசியாக ஒன்று இருக்கிறது. குழந்தையை நெஞ்சோடு கட்டிக்கொண்டு நடப்பதற்கான ஒரு துணிப் பை. பேபி கேரியர் என்கிறார்கள். என் பேத்திக்காக நான் தைத்தது. அதற்கு வேறு ஒருவர் பெயர் வாங்கிக்கொண்டிருக்கிறார். இதை எழுதுவது அதனால்தான்.

முதலில் பழைய கதையைச் சொல்லிவிடுகிறேன், இல்லையென்றால் என் வயிற்றெரிச்சல் யாருக்கும் புரியாது.

முப்பது வருஷத்துக்கு முன்னால் நான் மைன்ஸில் கான்ட்ராக்ட் ஆள். பெல்ட் கேங். சுரங்கத்திலிருந்து மண்ணையும் நிலக்கரியையும் மேலே கொண்டுவருகிற ரப்பர் பெல்ட்டுக்கு அடியில் கொட்டுகிறதை அள்ளிப் போடுகிற வேலை. எங்கள் தலைக்கு மேலே ஃபிட்டர்கள் ஏறி வேலை பார்ப்பார்கள். ஸ்பேனரை இடுப்பில் சொருகிக்கொண்டு ஏறுவார்கள். ஒரு நாள் ஒரு ஸ்பேனர் நழுவி என் பக்கத்தில் நின்ற கூட்டாளியின் தோளில் விழுந்தது. அவன் அந்தக் கையை அதற்கப்புறம் தலைக்கு மேல் தூக்கியதே இல்லை. நான் அப்போது லீவு நாட்களில் ஒரு சீட் கவர் கடையில் தையல் பழகிக்கொண்டிருந்தேன். பழைய தார்ப்பாயை வெட்டி, தோளில் குறுக்காக மாட்டுகிற மாதிரி ஒரு பை தைத்தேன். ஸ்பேனரைப் போட்டால் வாய் தானாக மூடிக்கொள்ளும். ஃபிட்டர்களுக்குப் பிடித்துப் போயிற்று. கான்ட்ராக்டர் பார்த்துவிட்டு, ஐம்பது பை எடுத்துக்கொள்ளலாம், ஆனால் சேஃப்டி ஆபீஸர் சரி என்று சொல்ல வேண்டும் என்றார்.

அந்த சேஃப்டி ஆபீஸர்தான் இவர். இஸ்திரி கலையாத சட்டை, வெள்ளை ஹெல்மெட். என் பையை இரண்டு விரலால் தூக்கிப் பார்த்தார். யார் தைத்தது என்று கேட்டார். நான்தான் சார் என்றேன். என்ன படித்திருக்கிறாய் என்றார். நாலாவது என்றேன். பைக்கும் படிப்புக்கும் என்ன சம்பந்தம் என்று எனக்குத் தெரியவில்லை. பையை வொர்க்‌ஷாப் கொக்கியில் மாட்டச் சொன்னார். ஈர மணலை நிரப்பச் சொன்னார். ஸ்பேனர் எடையைப் போல நாலு மடங்கு இருக்கும். காலை ஆறு மணி ஷிப்ட்டில் தொங்கவிட்டது, மதியம் இரண்டு மணிக்குச் சங்கு ஊதுகிற வரை தொங்கியது. சங்கு ஊதினதும் இந்த ஷிப்ட் ஆட்களும் அடுத்த ஷிப்ட் ஆட்களும் அங்கே கூடினார்கள். அந்த நேரம் பார்த்து ஒரு பக்கத் தையல் விட்டுக்கொண்டு, மணல் அத்தனையும் தரையில் கொட்டியது.

"உன் தையலை நம்பி ஒரு கோழிக்குஞ்சைக்கூடத் தொங்கவிட முடியாதுப்பா" என்றார்.

இரண்டு ஷிப்ட்டும் சிரித்தது. அந்தப் பையை ஆசையாக மாட்டிக்கொண்டு ஏறின ஃபிட்டர்களும் சேர்ந்து சிரித்தார்கள். கொட்டின மணலை என்னையே கூட்டி அள்ளச் சொன்னார். அள்ளினேன். ஒரு வாரத்தில் வேலையை விட்டேன்.

ஒரு உண்மையை இங்கே சொல்லிவிடுகிறேன். அந்தப் பையில் நான் போட்டது பஞ்சு நூல். அது ஈரத்துக்குத் தாங்காது. மறுநாளே பண்ருட்டிக்கு பஸ் ஏறி நைலான் நூல்கண்டு வாங்கிக்கொண்டு வந்தேன். இதுவரை யாரிடமும் சொன்னதில்லை. நூல் சரியில்லை என்று அவர் சொல்லியிருந்தால் தலைகுனிந்து கேட்டுக்கொண்டிருப்பேன். அவர் நூலைப் பற்றிப் பேசவே இல்லை. அறுந்த பையை எடுத்துக்கொண்டு வந்தேன். கடை போட்ட அன்றைக்கு ஆணி அடித்து மாட்டின முதல் பொருள் அதுதான்.

அப்புறம் பாருங்கள் விளையாட்டை. என் மகனும் அவர் மகளும் டவுன்ஷிப் பள்ளிக்கூடத்தில் ஒன்றாகப் படித்து, ஒருவரை ஒருவர் விரும்பி, கட்டினால் இவரைத்தான் கட்டுவேன் என்று இரண்டு வீட்டிலும் நின்றார்கள். அவர் வேறு வழியில்லாமல் சம்பந்தம் பேச என் கடைக்கு வந்தார். ரிட்டயர் ஆகியிருந்தார், இஸ்திரி மட்டும் கலையவில்லை. முதல் பார்வையிலேயே எனக்கு ஆளைத் தெரிந்துவிட்டது. அவருக்கு என்னைத் தெரியவில்லை. நாற்காலியில் உட்கார்ந்தவர் தலைக்கு நேர் மேலே அந்தப் பை தொங்கியது. நிமிர்ந்து பார்த்துவிட்டு, பழைய பையை எதற்கு மாட்டி வைத்திருக்கிறீர்கள், திருஷ்டிக்கா என்று கேட்டார். ஆமாங்க, திருஷ்டிக்குத்தான் என்றேன். அன்றைக்குச் சொல்லியிருக்கலாம். மகன் முகத்தைப் பார்த்தேன், வாயை மூடிக்கொண்டேன். சமயம் வரும் என்று தெரியும்.

பேத்தி பிறந்தாள். மருமகள் பள்ளிக்கூட டீச்சர். லீவு முடிந்து வேலைக்குப் போகும் நாள் வந்தது. மகனுக்கு ஷிப்ட் மாறி மாறி வரும். குழந்தையோ காலையில் எழுந்தால் யாராவது தூக்கிக்கொண்டு நடந்தால்தான் அடங்குவாள், தொட்டிலில் போட்டால் பிளாக் முழுக்கக் கேட்கிற மாதிரி கத்துவாள். ஆறரையிலிருந்து எட்டு வரை அவளைத் தூக்கிக்கொண்டு நடக்க ஒரு ஆள் வேண்டும். அந்த ஒன்றரை மணி நேரம்தான் எனக்கு என் பேத்தி. எட்டரைக்கு நான் கடை திறக்க வேண்டும், சாயங்காலம் அவள் தூங்கிப் போயிருப்பாள். நான் மந்தாரக்குப்பத்திலிருந்து மொபெட்டில் மகனின் கம்பெனி குவார்ட்டர்ஸுக்குப் போய் அவளைத் தோளில் போட்டுக்கொண்டு மரத்தடி ரோட்டில் நடப்பேன். சம்பந்தியும் அவர் மனைவியும் மகளுக்கு உதவி என்று குவார்ட்டர்ஸிலேயே வந்து தங்கிவிட்டார்கள். நான் போகிறபோது அவர் பேப்பர் படித்துக்கொண்டிருப்பார். பேப்பருக்கு மேலே கண் மட்டும் என் காலைப் பார்க்கும்.

ஒரு நாள் மழை விட்ட காலையில் பலா இலை ஈரத்தில் என் கால் வழுக்கியது. விழவில்லை. காம்பவுண்ட் சுவரைப் பிடித்து நின்றுவிட்டேன். குழந்தைக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆனால் வாசலில் நின்ற மருமகள் முகம் வெளுத்துவிட்டது.

"மாமா, இனிமே கையில தூக்கிட்டு நடக்க வேணாம். நல்ல பேபி கேரியரா ஒண்ணு பாக்கலாம். எது அவளுக்கு சரியா இருக்கோ அதுல வச்சுத்தான் கூட்டிட்டுப் போகணும், யாரா இருந்தாலும்" என்றாள்.

நியாயமான பேச்சு. நான் வாயைத் திறப்பதற்குள் சம்பந்தி பேப்பரை மடித்தார். இது சேஃப்டி சமாச்சாரம், இதை நான் பார்த்துக்கொள்கிறேன் என்றார். அதோடு விட்டிருக்கலாம். சம்பந்திக்குக் கடையில் வேலை இருக்கும், காலை நடையையும் இனிமேல் நானே பார்த்துக்கொள்கிறேன் என்றும் சேர்த்துக்கொண்டார். என் கையில் இருந்த குழந்தையை அவர் மனைவி வந்து வாங்கிக்கொண்டார். நான் வெறுங்கையோடு மொபெட்டை உதைத்தேன்.

ஒரு வாரத்தில் பெட்டி வந்தது. போனில் நூறு படம் பார்த்துத் தேர்ந்தெடுத்ததாகச் சொன்னார். அவர் எப்படித் தேர்ந்தெடுத்தார் என்று பையைப் பார்த்ததுமே எனக்குப் புரிந்துவிட்டது. மைன்ஸில் உயரத்தில் ஏறுகிறவனுக்கு பெல்ட் வாங்குகிற மாதிரி வாங்கியிருக்கிறார். எத்தனை கிலோ தாங்கும், எத்தனை பக்கிள், பட்டை எவ்வளவு தடிமன், அவ்வளவுதான் கேள்வி. கறுப்பு நிறம், ஆறு பக்கிள், தோள்பட்டையைப் பார்த்தால் எருமையைக் கட்டி இழுக்கலாம். மேலிருந்து விழுகிறவனைப் பிடித்து நிறுத்துவதற்கு அது சரி. என் பேத்தி எங்கேயிருந்தும் விழப் போவதில்லை. அவள் உட்கார வேண்டும், தூங்க வேண்டும். உட்காரும் இடத்தைப் பார்த்தேன். இரண்டு காலுக்கும் நடுவில் நாலு விரல் அகலத்தில் ஒரு பட்டை, அவ்வளவுதான். அதிலும் குழந்தை முகம் வெளியே பார்த்த மாதிரி வைக்கப் போகிறாராம், ஊரைப் பார்க்கட்டும் என்று.

அடிப்பக்கம் ஒடுக்கமாக இருக்கிறதே சம்பந்தி என்றேன். மரியாதையாகத்தான் சொன்னேன்.

"இது டெஸ்ட் பண்ணின மெட்டீரியல், சம்பந்தி. சீட் கவர் இல்லை" என்றார்.

மருமகள் எதிரில் சொன்னார். மகன் எதிரில் சொன்னார். நான் வீட்டுக்கு வந்து, ஆணியில் தொங்கின பையைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றேன். அப்புறம் மிஷினில் உட்கார்ந்தேன்.

முதல் பை தப்பாகப் போயிற்று. எனக்குத் தெரிந்தது ரெக்ஸினும் ஃபோமும். பளபளவென்று, ஓரத்தில் சிவப்புப் பைப்பிங் வைத்துத் தைத்தேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை மருமகள் குழந்தையை என் வீட்டுக்குக் கொண்டுவந்தபோது மாட்டிப் பார்த்தேன். நெய்வேலி வெயிலுக்குப் பத்து நிமிஷத்தில் குழந்தை முதுகு தொப்பலாகிவிட்டது, கழுத்தில் வேர்க்குரு கிளம்பியது.

"ஆட்டோ சீட்டு மாரி தச்சி வச்சிகினு நிக்கிறியே, புள்ளைய இன்னா வடலூருக்கு ஷேர்ல ஏத்தி வுடப் போறியா" என்று என் வீட்டுக்காரி குழந்தையைப் பிடுங்கி இடுப்பில் வைத்துக்கொண்டாள்.

இடுப்பில் இருக்கிற பிள்ளையின் காலைப் பார்த்தேன். வாழ்நாள் முழுக்கப் பார்த்ததுதான், அன்றைக்குத்தான் தையல்காரன் கண்ணால் பார்த்தேன். தொடை இரண்டும் அகண்டு அவள் இடுப்பைக் கவ்விக்கொண்டிருக்கிறது. முட்டி மேலே நிற்கிறது, புட்டம் கீழே இறங்கியிருக்கிறது. தவளை உட்காருகிற மாதிரி. கால் தொங்கவே இல்லை. குழந்தையைத் தூக்குகிறவள் யாரும் காலைத் தொங்கவிட்டுத் தூக்குவதில்லை. நூறு படம் பார்த்தவருக்கு இது தெரியவில்லை.

இன்ச் டேப்பை எடுத்துக்கொண்டு வந்து, இந்த முட்டி மடிப்பிலிருந்து அந்த முட்டி மடிப்பு வரை அளந்தேன். என் வீட்டுக்காரி சட்டைக்கு அளவெடுக்கிறேன் என்று நினைத்தாள். அந்த அகலம்தான் பையின் அடி. ரெக்ஸினைத் தூக்கி எறிந்தேன். வெளியே காட்டன் ட்ரில் துணி, உள்ளே பத்துத் தடவை துவைத்து மெத்தென்று ஆன வேட்டித் துணி. பட்டைக்கு கார் சீட் பெல்ட் நாடா, புது ரோலிலிருந்து வெட்டினது. எடை தோளில் மட்டும் நிற்காமல் இடுப்பில் இறங்குகிற மாதிரி இடுப்புக்கு ஒரு அகலப் பட்டை. கழுத்துக்குப் பின்னால் தலையைத் தாங்க ஒரு மடிப்பு. ஸ்கூல் பேக்கில் வருகிற பிளாஸ்டிக் பக்கிளை நான் நம்ப மாட்டேன், உடைந்ததை எத்தனையோ மாற்றிக் கொடுத்திருக்கிறேன். இரட்டை இரும்பு வளையம் வைத்தேன், இழுத்தால் இறுகும், தானாக விடாது. பட்டை சேருகிற ஒவ்வொரு இடத்திலும் ஒரு கட்டம், கட்டத்துக்குள் பெருக்கல் குறி, அதன் மேலேயே இன்னொரு தையல் ஓட்டு. நூல் என்ன நூல் என்று இனி சொல்லத் தேவையில்லை.

குழந்தையை வைப்பதற்கு முன்னால் நானே நடந்து பார்க்க வேண்டும். பேத்தி ஏழு கிலோ. பண்ருட்டி மண்டியிலிருந்து வந்த பழத்தில் ஏழு கிலோவில் ஒரு பலாப்பழம் தேடி எடுத்து, டவலைச் சுற்றிப் பைக்குள் உட்கார வைத்து, நாலு நாள் காலையில் மந்தாரக்குப்பம் ரோட்டில் நடந்தேன். குனிந்து பார்த்தேன், முட்டியை மடக்கி உட்கார்ந்து பார்த்தேன், வேகமாகத் திரும்பிப் பார்த்தேன். டீக்கடையில் இருந்தவன் எட்டிப் பார்த்துவிட்டு, "மேஸ்திரி, பேத்தி அப்படியே உங்க ஜாடைதான்" என்றான். சிரித்தவர்களை எல்லாம் மனசில் குறித்துக்கொண்டேன். நாலாம் நாள் பழம் பழுத்து வாசம் வர ஆரம்பித்தது. பையில் ஒரு இழை நகரவில்லை.

அப்புறம் குவார்ட்டர்ஸுக்குப் போனேன். அன்றைக்கு ஞாயிற்றுக்கிழமை, விடிகிற நேரம். சம்பந்தியோடு நடக்கிற ரிட்டயர்ட் ஆட்கள் நாலைந்து பேர் அங்கேதான் டீ குடிப்பார்கள் என்று தெரிந்தே போனேன். என் பழைய பெல்ட் கேங் கூட்டாளிகள் இரண்டு பேரையும் கூட்டிக்கொண்டு போனேன். அதில் ஒருவன் ஸ்பேனர் விழுந்த தோள்காரன். அறுந்த பையை ஆணியிலிருந்து கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டேன்.

சம்பந்தி, நீங்கள் வாங்கினதையும் நான் தைத்ததையும் தொங்கவிட்டுப் பார்க்கலாம், ஈர மணல் வைத்து, ஆறிலிருந்து இரண்டு வரை, நீங்கள் எனக்கு வைத்த அதே டெஸ்ட் என்றேன். உங்களுக்கு நான் எங்கே டெஸ்ட் வைத்தேன் என்று கேட்டார். பழைய பையை அவர் மடியில் வைத்தேன். வொர்க்‌ஷாப், கொக்கி, கோழிக்குஞ்சு என்று ஒவ்வொன்றாகச் சொன்னேன். அவர் பையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"அது நீங்களா" என்றார்.

அவ்வளவுதான். அவருக்கு நினைவில்லை. அன்றைக்கு எத்தனையோ பையை, எத்தனையோ கயிற்றைத் தொங்கவிட்டிருப்பார். முப்பது வருஷம் நான் தினமும் கடை திறக்கும்போது பார்த்த ஒன்றை அவர் அன்று மதியச் சாப்பாட்டுக்குள் மறந்திருக்கிறார். அது தையல் விட்டதைவிட எனக்கு வலித்தது.

டெஸ்ட்டுக்கு மட்டும் உடனே ஒத்துக்கொண்டார். அவர் தொழிலாயிற்றே. பலா மரக்கிளையில் இரண்டையும் மாட்டினோம். மணலை அவரே எடை போட்டு நிரப்பினார். நான் அவர் பையையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அறுந்து விழ வேண்டும், மணல் கொட்ட வேண்டும், கொட்டினதை அவர் கூட்டி அள்ள வேண்டும். என் மொபெட்டில் துடைப்பம்கூடக் கொண்டுபோயிருந்தேன்.

இரண்டு மணிக்குச் சங்கு ஊதியது. எதுவும் அறுந்து விழவில்லை. என்னுடையதும் இல்லை, அவருடையதும் இல்லை.

"ரெண்டும் பாஸ், சம்பந்தி. நல்லா தைக்கப் பழகிட்டீங்க. அப்ப கம்பெனி சரக்கே இருக்கட்டும்" என்று எழுந்து வேட்டியைத் தட்டினார்.

பழகிட்டீங்க. அவர் ஆட்டத்தை அவர் களத்தில் ஆடப் போன முட்டாள் நான்தான்.

அந்த நேரம் மருமகள் குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு வெளியே வந்தாள். காலையிலிருந்து ஜன்னல் வழியாக எங்கள் கூத்தைப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறாள்.

"மணலுக்குக் காலும் இல்ல, கழுத்தும் இல்லப்பா. இவளை வச்சுப் பாருங்க" என்றாள்.

முதலில் அவர் மாட்டிக்கொண்டார். மருமகளே குழந்தையை உள்ளே வைத்து, கீழே கையைக் கொடுத்துக்கொண்டே நின்றாள். ஆறு பக்கிளும் போட்டாயிற்று. குழந்தையின் கால் இரண்டும் கொடியில் காயப்போட்ட பேண்ட் மாதிரி நேராகத் தொங்கியது. உடம்பு எடை மொத்தமும் அந்த நாலு விரல் பட்டையில். வாசலிலிருந்து கேட் வரை நடந்தார். திரும்பும்போது அவள் தலை முன்னால் சாய்ந்து தாடை நெஞ்சில் இடித்தது. குழந்தை முகம் அந்தப் பக்கம் இருந்ததால் அவருக்கு அது தெரியவே இல்லை. எதிரில் நின்ற எங்களுக்குத்தான் தெரிந்தது. சிணுங்கல், அப்புறம் அழுகை. மருமகள் ஓடிப் போய் எடுத்தாள். தொடை இடுக்கில் இரண்டு பக்கமும் சிவப்பாகக் கோடு விழுந்திருந்தது. அவர் அதைப் பார்த்தார். எல்லோரும் பார்த்தார்கள்.

அழுகை அடங்கினதும் என் முறை. முட்டி மேலே, புட்டம் கீழே, முகம் என்னைப் பார்த்து. அவள் காது என் நெஞ்சில் ஒட்டியது. கேட் வரை போய்த் திரும்பினேன். திரும்பும்போது அவள் வாய் கொஞ்சம் திறந்து, என் சட்டையில் எச்சில் வட்டமாக நனைந்திருந்தது. நான் நேராக சம்பந்தி முன்னால் போய் நின்றேன்.

"கோழிக்குஞ்சு தூங்கிடுச்சி, சம்பந்தி" என்றேன்.

தோள்காரக் கூட்டாளி ஒருவன்தான் சிரித்தான். அவனுக்கு அந்த உரிமை உண்டு. சம்பந்தி துடைப்பத்தையும் பார்த்தார், என்னையும் பார்த்தார், உள்ளே போய்விட்டார். அன்றைக்கு நான் மூன்று வேளைச் சோற்றை ஒரே வேளையில் சாப்பிட்டேன்.

மறு வாரம் தடுப்பூசி போடுகிற நாள். மருமகள் என் பையில்தான் குழந்தையைக் கட்டிக்கொண்டு வந்தாள், நானும் கூடப் போனேன். குழந்தை டாக்டரம்மா பையை முன்னாலும் பின்னாலும் பார்த்தார். கால் இருக்கிற விதம் சரி, முட்டியிலிருந்து முட்டி வரை தாங்க வேண்டும், இடுப்பு மூட்டுக்கு அதுதான் நல்லது, கடையில் வாங்குகிறவர்களும் இதைத்தான் பார்த்து வாங்க வேண்டும் என்றார். நான் நிமிர்ந்து நின்றேன். உடனே ஒரு குறையும் சொன்னார். துணி ஒரு விரல் உயரமாக இருக்கிறது, மூக்கு புதைகிறது. தூக்குகிறவர் கண்ணுக்குக் குழந்தை முகம் எந்த நேரமும் தெரிய வேண்டும், தாடைக்கும் நெஞ்சுக்கும் நடுவில் இரண்டு விரல் போக வேண்டும், குனிந்தால் உச்சந்தலையில் முத்தம் கொடுக்கிற உயரத்தில் இருக்க வேண்டும். தையலை வாரா வாரம் இழுத்துப் பார்க்கச் சொன்னார். அந்த அம்மா என்ன படித்திருக்கிறீர்கள் என்று என்னைக் கேட்கவில்லை. துணியைப் பற்றி மட்டும் பேசினார். அன்று சாயங்காலமே ஒரு விரல் குறைத்துத் தைத்துவிட்டேன்.

இன்னொன்றும் சொன்னார். பையின் மேல் ஓரத்தில் நான் ஒரு சின்ன ரெக்ஸின் லேபிள் வைத்துத் தைத்திருந்தேன், என் கடைப் பெயரோடு. நான் தைக்கிற எல்லாவற்றிலும் அது இருக்கும். டாக்டரம்மா அதில் விரலை வைத்து, இது கன்னத்தில் உரசுகிறது என்றார். பேத்தியின் கன்னத்தில் அந்த இடம் கொஞ்சம் சிவந்துதான் இருந்தது. மருமகள் என்னைப் பார்த்தாள். சட்டைப் பையிலிருந்து நூல்வெட்டியை எடுத்து, ஆஸ்பத்திரி பெஞ்சில் உட்கார்ந்து, நானே பிரித்தேன்.

அது இல்லாமல் போனதுதான் சம்பந்திக்கு வசதியாகிவிட்டது.

காலை நடையை மருமகள் பங்கு பிரித்துவிட்டாள். திங்கள், புதன், வெள்ளி அவள் அப்பா. மற்ற நாட்கள் நான். சண்டை வேண்டாம் மாமா, அவரும் தாத்தாதானே என்றாள். அவள் பேச்சை நான் தட்டுவதில்லை. கறுப்புப் பை பெட்டியோடு பரணுக்குப் போய்விட்டது. இப்போது அவரும் என் பையைத்தான் மாட்டிக்கொண்டு நடக்கிறார்.

போன வாரம் புதன்கிழமை, பால் பூத்தில் நான் வரிசையில் நின்றேன். அவர் பேத்தியோடு நடந்து வந்தார். கைக்குழந்தை வைத்திருந்த ஒரு பெண் நிறுத்தி, இது எங்கே அங்கிள் வாங்கினீர்கள், குழந்தை இவ்வளவு நிம்மதியாகத் தூங்குகிறதே என்று கேட்டாள். அவர் பையின் ஓரத்தைக் கட்டைவிரலால் நீவிக்கொண்டே சொன்னார்.

"நான்தான்மா செலக்ட் பண்ணினேன். ஈர மணல் வச்சு எட்டு மணி நேரம் தொங்கவிட்டு டெஸ்ட் பண்ணினது. சும்மா எதையும் நான் எடுக்க மாட்டேன்."

செலக்ட் என்பதைத் தவிர, இதில் பொய் என்று ஒரு வார்த்தையைக் காட்ட முடியாது. அதுதான் எரிகிறது. அந்தப் பெண் தன் வீட்டுக்காரரிடமும் சொல்லியிருக்கிறாள். அவர் மூலமாக அடுத்த பிளாக்கில் இரண்டு வீட்டில் தெரிந்திருக்கிறது. சேஃப்டி ஆபீஸர் செலக்ட் பண்ணின பை என்றே அதற்குப் பெயராம். மருமகளிடம் சொன்னேன். பை உங்களுது, டெஸ்ட் அவரோடது, விடுங்க மாமா என்று சிரித்தாள். அவளுக்காக எதை வேண்டுமானாலும் விடுவேன், லேபிளைக்கூட விட்டேன். இதை விட மாட்டேன்.

ஆகையால் சம்பந்தி, இதை நீங்கள் படிப்பீர்கள் என்று தெரிந்தே எழுதுகிறேன். பணம் காசு எனக்கு வேண்டாம், மாலை மரியாதை வேண்டாம். வருகிற திங்கட்கிழமை காலை, அதே பால் பூத், அதே ஆட்கள். பேத்தியை மாட்டிக்கொண்டு நின்று, இந்தப் பையைத் தைத்தவர் என் சம்பந்தி, நாலாவது வரை படித்தவர், மந்தாரக்குப்பம் ரோட்டில் கடை வைத்திருக்கிறார் என்று வாய் திறந்து சொல்ல வேண்டும். மெதுவாகச் சொல்லக் கூடாது. இரண்டு ஷிப்ட்டுக்கும் கேட்கிற மாதிரி அன்றைக்குப் பேசினீர்களே, அந்தச் சத்தத்தில் சொல்ல வேண்டும். சொன்ன பிறகுதான் கடையில் அந்தப் பழைய பை ஆணியை விட்டு இறங்கும்.

லேபிள் இருந்த இடத்தில் எட்டு ஊசித் துளை இருக்கிறது. துவைத்தாலும் மூடாது. நீங்கள் நீவுகிற கட்டைவிரல் தினமும் அங்கேதான் படுகிறது. அந்த இடத்தில் இருந்தது என் பெயர். அதைச் சொல்லுங்கள்.